பெட்ரின் குன்று, பிராக்: மேலே நுழைந்து கீழே இறங்கும் வழி

பிராக் நகரத்தின் பாலங்களில் நின்று மேற்கே பார்த்தால் பச்சைப் பசேலென்று ஒரு மேடும், அதன் உச்சியில் ஓர் இரும்புக் கோபுரமும் தெரியும். அதுதான் பெட்ரின். வல்டாவா ஆற்றின் இடக்கரையில், பிராக் கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 327 மீட்டர். ஆற்றங்கரையிலிருந்து கணக்கிட்டால் சுமார் 130 மீட்டர் ஏற்றம். உள்ளூர்க்காரர் வாயில் இந்தப் பெயர் ‘பெட்ர்ஷீன்’ என்று வரும். வழி கேட்கும்போது அப்படிக் கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

முதன்முறை வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே அடிவாரத்தில் இருக்கும் ஊயெஸ்ட் என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து ஏறத் தொடங்குவார்கள். பாதை வளைந்து வளைந்து போகும். அரை மணி நேரம் ஏறியபின் உச்சியில் கோபுரத்தின் 299 படிகள் காத்திருக்கும். அதற்குள் பாதிப் பேருக்குக் கால் கடுத்துவிடும். முதுகுக்குப் பின்னால் இருக்கும் நகரத்தை ஏறும்போது பார்க்கவும் முடியாது. மூச்சு வாங்க நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம். இறங்கும்போது அதே நகரம் வழி நெடுகக் கண்ணெதிரே இருக்கும். ஆகவே பெட்ரினுக்கு மேற்புறமாக நுழையுங்கள், கீழ்ப்புறமாக வெளியேறுங்கள். மற்ற யோசனைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

22-ஆம் எண் டிராம்

மேலே கொண்டுபோய் விடுவது 22-ஆம் எண் டிராம். தேசிய நாடக அரங்கு நிறுத்தத்தில் ஏறினால் ஆற்றைக் கடந்து ஊயெஸ்ட், மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம், மாலோஸ்ட்ரான்ஸ்கா வழியாகக் கோட்டைக்குப் பின்புறம் ஏறிப் போகும். ‘பிராக் கோட்டை’ நிறுத்தத்தில் வண்டி பாதி காலியாகிவிடும். நீங்கள் இறங்க வேண்டாம். அடுத்தது புருஸ்னிட்ஸே, அதற்கடுத்தது பொஹோர்ஷெலெட்ஸ். அங்கே இறங்குங்கள். மொத்தம் 20 நிமிடம் போல ஆகும். ஊயெஸ்ட்டில் கீழே நின்று ஏற வேண்டிய உயரத்தின் பெரும்பகுதியை டிராமே ஏறிக்கொடுத்துவிடும்.

டிராம், பஸ், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட். கணக்கு தூரத்துக்கு அல்ல, நேரத்துக்கு. 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று வகைகள். எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்து செய்ய வேண்டியது மாறும். அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள். இயந்திரத்திலோ கடையிலோ வாங்கிய காகித டிக்கெட்டை வண்டியில் ஏறியதும் சிறிய மஞ்சள் பெட்டிக்குள் செருகி முத்திரை குத்த வேண்டும். ஒரு முறைதான், வண்டி மாறும்போது மறுபடி குத்தக் கூடாது. டிராமுக்குள் இருக்கும் கருவியில் வங்கி அட்டையைத் தொட்டு வாங்கும் டிக்கெட் முத்திரையோடே அச்சாகி வரும். அதைக் குத்த வேண்டாம். கைப்பேசிச் செயலியில் வாங்கினால் வாங்கிய நொடியிலேயே அது செல்லுபடியாகாது, சிறிது நேரம் ஆகும். எனவே நிறுத்தத்தில் நிற்கும்போதே வாங்கி, செல்லுபடியானதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். சோதனையாளர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள். குத்தாத டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘தெரியாது’ என்றால் எடுபடாது.

இன்னொன்று: 22-ஆம் எண் வண்டி சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழியும் வண்டி. ஜேப்படிக்காரர்களுக்கும் அது தெரியும். கைப்பை முன்பக்கம், பணப்பை உள்பையில்.

குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் 22-ஐ விட பஸ்ஸே வசதி. கார்லோவோ சதுக்கத்திலிருந்து 176-ஆம் எண் பஸ் ஸ்ட்ராஹோவ் விளையாட்டரங்கு வரை வருகிறது. அங்கிருந்து கோபுரத்துக்கு ஏறக்குறைய சமதளமாகவே நடந்துவிடலாம்.

மடத்திலிருந்து கோபுரம் வரை

பொஹோர்ஷெலெட்ஸ் சதுக்கத்தில் 8-ஆம் எண் வீட்டுக்குள் ஒரு சந்து இருக்கிறது. வீட்டு வாசல் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். உள்ளே சில படிகள் ஏறினால் ஸ்ட்ராஹோவ் மடத்தின் முற்றத்துக்கே வந்துவிடுவீர்கள். படி வேண்டாம் என்றால் மேற்குப் பக்கத்து வண்டி வாயிலைச் சுற்றிக்கொண்டு வரலாம்.

மடம் 1143-இல் நிறுவப்பட்டது. இங்கே பார்க்க வேண்டியது நூலகம்: இறையியல் கூடம் 17-ஆம் நூற்றாண்டு, தத்துவக் கூடம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதி. இரண்டையும் வாசலில் கட்டியிருக்கும் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். உள்ளே நடமாடலாம் என்று எண்ணிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். நண்பகலில் சிறிது நேரம் மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால் காத்திருக்காமல் கோபுரத்துக்குப் போய்விடுங்கள்.

முற்றத்தைத் தாண்டிக் கிழக்கு வாசலில் வெளியே வந்தால் திறந்த மேடை ஒன்று. கீழே பழத்தோட்டம், அதற்கப்பால் கோட்டையடியில் இருக்கும் பழைய நகர்ப்பகுதியான மாலா ஸ்ட்ரானாவின் சிவப்பு ஓட்டுக் கூரைகள், இடப்பக்கம் கோட்டையும் புனித வீட்டஸ் பேராலயமும். பேராலயத்தின் தெற்கு முகம் முழுநீளத்துக்கு இப்பக்கம்தான் திரும்பியிருக்கிறது. கோட்டைக்குள் நின்றால் கழுத்தை அண்ணாந்தாலும் சட்டத்துக்குள் அடங்காத கட்டடம் இங்கிருந்து ஒரே படத்தில் வந்துவிடும்.

மேடையை விட்டுத் தெற்கே திரும்பினால் பாதை இரண்டாகப் பிரியும். நகரம் இடக்கைப் பக்கம், மேடு வலக்கைப் பக்கம். இடப்பாதை அதிகம் ஏறாமல் தோட்டத்தின் குறுக்கே போகும். காட்சி நன்றாக இருக்கும், ஆனால் கோபுரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டுவிடும், பிறகு ஏற வேண்டியிருக்கும். கோபுரம்தான் இலக்கு என்றால் வலப்பாதை. பழைய மதிற்சுவரை ஒட்டி மெல்ல ஏறும் தார்ச்சாலை அது. மொத்த தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நின்று நின்று போனாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

அந்த மதிலுக்குப் பெயர் பசிச்சுவர். நான்காம் சார்லஸ் மன்னர் 1360 முதல் 1362 வரை கட்டியது. 1361-இல் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்கு வேலையும் கூலியும் கொடுப்பதற்காகவே கட்டினார் என்று ஊரில் ஒரு கதை. பெயரும் அதனால்தான் நிலைத்தது. கட்டுமானம் தொடங்கியது பஞ்சத்துக்கு முந்தைய ஆண்டு என்பதைக் கவனித்தால் நகரத்தின் தென்மேற்கைக் காக்கும் கோட்டைமதில்தான் முதல் நோக்கம் என்று தெரியும். கல்லைத் தேடி வெளியே போகவில்லை. இந்தக் குன்றிலேயே வெட்டிய, ‘ஒபுகா’ எனப்படும் மங்கிய மஞ்சள் நிறக் கல். உச்சியில் ரம்பப் பல் போல வரிசையாக முனைகள் தெரியும். இன்றைக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் நீளம் மிஞ்சியிருக்கிறது.

சுவரை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. வாசல்கள் சில இடங்களில் மட்டுமே. கைப்பேசி வரைபடத்தில் கோபுரமும் வானாய்வு நிலையமும் கின்ஸ்கி தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் சுவர் இருப்பதைப் பார்க்காமல் குறுக்கே நடந்தால், வாசலைத் தேடி வந்த வழியே திரும்ப நேரும்.

எந்த நேரத்தில் போவது

பெட்ரினிலிருந்து நகரம் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் நகரத்துக்குப் பின்னாலிருந்து உங்கள் கண்ணில் அடிக்கும். கோபுரங்களெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் படத்தில் வரும். பிற்பகலில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் போய்விடும். ஓடுகள் சிவக்கும், பேராலயத்தின் கல் வேலைப்பாடு துலங்கும். ஆகவே படம் எடுக்க விரும்புகிறவர்கள் மதியத்துக்குப் பிறகு வருவதே சரி. கூட்டம் பிடிக்காதவர்கள் கோபுரம் திறந்தவுடன் வரலாம், படங்கள் சுமாராக வரும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

சூரிய அஸ்தமனம் பார்க்கத்தான் வருகிறேன் என்றால் குன்றின் சரிவில் உட்காராதீர்கள். சரிவு கிழக்கு நோக்கியது. சூரியன் மேட்டுக்குப் பின்னால் மறைந்து, நீங்கள் இருக்கும் இடம் முன்கூட்டியே நிழலில் விழுந்துவிடும். கோபுரத்தின் மேல்தளத்திலிருந்துதான் மேற்கும் தெரியும். ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு 9:15 ஆகும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். கோபுரம் கோடையில் இரவு வரையும் குளிர்காலத்தில் மாலை வரையும் திறந்திருக்கும். கடைசி அனுமதி மூடும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் போகும் மாதத்தின் நேரத்தை அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபுரம்

1889 பாரிஸ் கண்காட்சிக்குப் போய் ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிய செக் சுற்றுலாக் கழகத்தார், நம் ஊரிலும் ஒன்று வேண்டும் என்று கிளம்பியதன் விளைவு இது. 1891-இல் பிராக்கில் நடந்த மாபெரும் கண்காட்சியை ஒட்டிச் சில மாதங்களிலேயே எழுப்பி, அந்த ஆண்டு ஆகஸ்டில் திறந்தார்கள். பொறியாளர்கள் ஃபிரான்டிசெக் ப்ராஷில், யூலியுஸ் சவுச்செக். உயரம் 63.5 மீட்டர். ஈஃபிளின் குட்டி நகல் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பக்கத்தில் வந்து பாருங்கள்: ஈஃபிளுக்கு நாலு கால், சதுர அடித்தளம், இதற்கு எட்டுப் பக்கம். குன்றின் உயரத்தையும் சேர்த்துக்கொள்வதால்தான் இவ்வளவு சிறிய கோபுரத்திலிருந்து இவ்வளவு தூரம் தெரிகிறது. 1953 முதல் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். 1992-இல் எதிர்க்கரையில் 216 மீட்டர் உயர ஷிஷ்கோவ் கோபுரம் வந்தபின் அந்த வேலை போயிற்று.

படிகள் 299. ஏறுவதற்கு ஒரு சுழற்படி, இறங்குவதற்கு வேறொன்று. இரண்டும் நடுத்தண்டைச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகும். எதிரே ஆள் வந்து இடிக்கும் தொல்லை இல்லை. ஆனால் படிக்கட்டு திறந்தவெளியில் இருக்கிறது, காற்று நேராக உங்கள் மேல் அடிக்கும். உயரத்தைக் கண்டால் மிரளுகிறவர்கள் கீழே பார்க்காமல் நடுத்தண்டுப் பக்கமே கையை வைத்துக்கொண்டு ஏறலாம். காற்று பலமாக இருக்கும் நாளில் மேலே லேசாக ஆடுவது தெரியும். இரும்புக் கோபுரம் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. புயல்காற்றுக்கு மூடிவிடுவார்கள். நடுத்தண்டுக்குள் சிறிய லிஃப்ட் ஒன்று உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். முதியவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் டிக்கெட் எடுக்கும்போதே லிஃப்டையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

இரண்டு பார்வைத் தளங்கள். கீழ்த்தளத்தில் நின்று ஒரு நிமிடம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மனசு சரியில்லை என்றால் அங்கிருந்தே இறங்குபடிக்கு மாறிவிடலாம். மேல்தளம் கண்ணாடி ஜன்னல்கள் வைத்தது. ஓரடி தள்ளி நின்று எடுத்தால் உங்கள் சட்டையே படத்தில் பிரதிபலிக்கும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், கையால் சுற்றி மறைத்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

மேலே போனதும் திசை பிடிக்க எளிய வழி: ஆறு இருக்கும் பக்கம் கிழக்கு. வடகிழக்கில் கோட்டை, அதற்கு வலப்பக்கம் சார்லஸ் பாலம். பாலத்துக்கு அப்பால் கறுத்து இரட்டை ஊசிபோல நிற்பது டீன் தேவாலயம், பழைய நகரச் சதுக்கம் அதன் காலடியில். இன்னும் வலமாக வந்தால் பொன் விளிம்புக் கூரையோடு தேசிய நாடக அரங்கு; தெற்கே ஆற்றோரப் பாறைமேல் விஷெஹ்ராட் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். மேற்கே திரும்பினால் ஒரு பிரம்மாண்டமான வெற்று மைதானம் தெரியும். ஸ்ட்ராஹோவ் விளையாட்டரங்கு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பேர் அடங்கக்கூடியதாகக் கட்டியது. இன்றைக்கு அதற்குள் கால்பந்துப் பயிற்சித் திடல்கள் வரிசையாக இருக்கின்றன. யாரும் படமெடுக்காத பக்கம் அது, ஆனால் அதன் அளவு மேலிருந்து பார்த்தால்தான் உறைக்கும். மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும் நாளில் வடக்கே தனித்து நிற்கும் ரீப் மலையைத் தேடுங்கள்.

உச்சியில் மற்றவை

கோபுரத்துக்குப் பக்கத்தில் பொம்மைக் கோட்டை மாதிரி ஒரு கட்டடம், கண்ணாடிப் புதிர்வழி. அதுவும் 1891 கண்காட்சிக்குச் செய்ததுதான். முடிந்தபின் பிரித்து இங்கே கொண்டுவந்தார்கள். கண்ணாடிச் சந்துகளில் குழந்தைகள் நெற்றியை முட்டிக்கொள்வார்கள். கையை முன்னே நீட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு பெரிய ஓவியக் காட்சி: 1648-இல் சார்லஸ் பாலத்தில் சுவீடன் படையைப் பிராக் மாணவர்களும் நகரத்தாரும் தடுத்து நிறுத்தும் சண்டை. ஓவியத்துக்கு முன்னால் நிஜப் பொருள்களை வைத்து, எங்கே துணி முடிகிறது எங்கே தரை தொடங்குகிறது என்று தெரியாதபடி செய்திருப்பார்கள். கடைசி அறையில் ஆளைக் குட்டையாக்கும், நெட்டையாக்கும் கண்ணாடிகள். 20 நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் இல்லாமல் வருகிறவர்கள் விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

எதிரே இருக்கும் புனித லாரன்ஸ் தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டு ஆவணத்திலேயே வருகிறது. இப்போதைய உருவம் 18-ஆம் நூற்றாண்டில் வந்தது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

தெற்கே சில நிமிட நடையில் ஷ்டெஃபானிக் வானாய்வு நிலையம். 1928-இல் திறந்தது. வானியலாளராகவும் பிரெஞ்சுப் படைத் தளபதியாகவும் இருந்து, செக்கோஸ்லோவாக்கியா உருவாக உழைத்து, 1919-இல் விமான விபத்தில் இறந்த ஸ்லோவாக்கியரின் பெயர் அது. வாசலில் சிலையும் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் பகலில் வடிகட்டி பொருத்திய தொலைநோக்கியில் சூரியனைக் காட்டுவார்கள், இரவில் நிலாவும் கோள்களும். மேகம் மூடியிருந்தால் உள்ளே போவதில் அர்த்தமில்லை. திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் மூடியிருக்கும். அருகிலேயே ரோஜாத் தோட்டம். ஜூனில்தான் அது முழுசாகப் பூக்கும். ஏப்ரலில் போய்ப் பார்த்தால் வெட்டிவிட்ட குச்சிகள்தான் இருக்கும்.

கழிவறைக்குச் சில்லறை நாணயம் தேவைப்படும். செலாவணி செக் கொருனா. யூரோவை வாங்கிக்கொள்ளும் கடைகளும் உண்டு, ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். அட்டையில் கட்டும்போது ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா’ என்று கருவி கேட்டால் வேண்டாம் என்று அழுத்திக் கொருனாவிலேயே கட்டுங்கள்.

இழுவை ரயில்

அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே ஓர் இழுவை ரயில் உண்டு. பழனியில் விஞ்ச் என்கிறோமே, அந்த வகை. நீளம் 510 மீட்டர். ஊயெஸ்ட், நெபொசீசெக், பெட்ரின் என்று மூன்று நிலையங்கள். ஒரே கம்பிவடத்தின் இரு முனையிலும் இரண்டு வண்டிகள். ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறும். 1891-இல் தொடங்கியபோது மின்சாரம் கிடையாது. மேல்வண்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அந்தப் பாரத்தால் கீழ்வண்டியை இழுத்தார்கள். 1932-இல் மின்சாரத்துக்கு மாறியது. நெபொசீசெக் சரிபாதியில் இல்லாததால் ஒரு வண்டி அங்கே நிற்கும்போது மற்ற வண்டி நிலையமே இல்லாத இடத்தில் அந்தரத்தில் நிற்கும். பழுது என்று நினைத்துச் சிலர் பதறுவார்கள்.

1965-இல் மண் சரிந்து பாதையே சிதைந்தது. மறுபடி ஓட 20 ஆண்டுகள், 1985 ஆயிற்று. குன்றின் உடம்பு அப்படி: மேலே நீரை விடும் கல்லடுக்கு, கீழே களிமண்ணும் களிப்பாறையும். ஊற்றுநீர் அந்த இடைவெளியில் இறங்கி மண்ணை வழுக்க வைக்கும். மழை ஓய்ந்து இரண்டு நாளான பிறகும் சில பாதைகள் ஈரமாகவே இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

பழைய வண்டிகளையும் தண்டவாளத்தையும் மாற்றுவதற்காக 2024 செப்டம்பரில் சேவையை நிறுத்தினார்கள். எனவே இதை நம்பித் திட்டம் போடுவதற்கு முன் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். நிறுத்துவதற்கு முன்பிருந்த விதிப்படி 30, 90 நிமிட டிக்கெட்டுகள் இதில் செல்லாது. 24 மணி, 72 மணி டிக்கெட் அல்லது தனி டிக்கெட் வேண்டும். ஓடும் காலத்திலும் கோடை மதியங்களில் கீழ்நிலையத்தில் வரிசை நீளும். மேலிருந்து வருகிறவருக்கு அந்த வரிசை இல்லை.

இறங்க இரண்டு வழி

முதலாவது, நகரத்தைப் பார்த்தபடி ஊயெஸ்ட்டுக்கு. மேல்நிலையத்தின் பக்கத்திலிருந்து வளைந்து இறங்கும் பாதையைப் பிடியுங்கள். பழத்தோட்டம் வழியாக நெபொசீசெக் வரும். உணவகமும் நல்ல பார்வையும் உண்டு. வழியில் கவிஞர் காரெல் ஹைனெக் மாஹாவின் வெண்கலச் சிலை. 25 வயதில் இறந்தவர். 1836-இல் வந்த அவருடைய நெடுங்கவிதை மே முதல் நாள் மாலையில் தொடங்குகிறது. அதனால் மே 1-ஆம் தேதி பிராக்கின் காதலர்கள் எல்லாம் இங்கே வந்துவிடுவார்கள். பூத்த செர்ரி மரத்தடியில் முத்தம் வாங்கினால் பெண் ஆண்டு முழுதும் வாடமாட்டாள் என்பது நம்பிக்கை. அன்றைக்குப் பூத்த மரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஆள் முறை போட்டு நிற்பதைப் பார்க்கலாம். அமைதி தேடி வருகிறவர்கள் அந்த நாளைத் தவிருங்கள்.

அடிவாரத்தில் படிக்கட்டின்மேல் ஏழு வெண்கல உருவங்கள் இறங்கி வருவதுபோல நிற்கும். கம்யூனிச ஆட்சியில் பலியானவர்களின் நினைவிடம், சிற்பி ஓல்ப்ராம் சவுபெக், 2002. முன்னால் நிற்பவர் முழு ஆளாக இருப்பார். பின்னால் போகப் போக உடம்பு பிளந்து, கை போய், கடைசியில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும். படியின் நடுவில் ஓடும் உலோகப் பட்டையில் எண்கள் பொறித்திருக்கிறது: 248 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், 4,500 பேர் சிறையில் இறந்தார்கள், எல்லையைக் கடக்கும்போது 327 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிலைகளைக் கட்டிப்பிடித்துச் சிரித்துப் படமெடுக்கும் இடமில்லை இது. எதிரிலேயே டிராம் நிறுத்தம். 9, 22 இரண்டும் வரும். இந்த வழிக்கு 40 நிமிடம் வையுங்கள்.

இரண்டாவது, வானாய்வு நிலையத்தருகே பசிச்சுவரின் வாசலைத் தாண்டித் தெற்கே கின்ஸ்கி தோட்டம் வழியாக. பார்வை குறைவு, நிழலும் அமைதியும் அதிகம். நடுவில் குளங்கள். இன்றைய உக்ரைனின் முகாச்செவோ பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து 1929-இல் பிரித்துக் கொண்டுவந்த புனித மிக்கேல் மரத் தேவாலயமும் இந்தச் சரிவில்தான் நின்றது. 2020 அக்டோபரில் தீப்பிடித்துப் பெரும் சேதமடைந்தபின் புனரமைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். அடியில் கின்ஸ்கி மாளிகை, நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். வெளியே வந்தால் ஷ்வான்டா நாடக அரங்கு டிராம் நிறுத்தம். நகரத்தை மேலேயே ஆசை தீரப் பார்த்துவிட்டவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் சிறந்தது.

இரண்டு வழியிலும் கைப்பேசி காட்டும் நேர்க்கோட்டுக் குறுக்குப்பாதைகளில் இறங்காதீர்கள். புல்லில் ஆள் நடந்து நடந்து உண்டான தடங்கள் அவை, ஈரத்தில் வழுக்கும். தோட்டத்துக்குள் எல்லாப் பாதையிலும் விளக்கு கிடையாது. இருட்டியபின் கல் பாவிய முக்கியப் பாதையை விட்டு விலக வேண்டாம்.

பருவமும் சாப்பாடும்

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பாதாம் மரங்கள் பூக்கும். அதை அடுத்துச் செர்ரி, பேரி, ஆப்பிள். இந்த ஐந்தாறு வாரம்தான் பெட்ரினின் உச்சம். வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டிலை அறையிலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள். பிராக்கின் குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது. அக்டோபரில் இலை நிறம் மாறும், விழுந்த இலை ஈரக் கல்லின்மேல் படிந்து வழுக்கும். செருப்போ அடி வழவழப்பான ஷூவோ ஆகாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உணவகத்தில் ‘பெஸ் மாஸா’ என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் பூண்டு சூப்பிலும் உருளைக்கிழங்கு சூப்பிலும் பன்றி இறைச்சித் துண்டோ இறைச்சிச் சாறோ இருக்கலாம், தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. நம்பிச் சாப்பிடக்கூடியது பொரித்த பாலாடைக்கட்டி, கூடவே உருளைக்கிழங்கு. புல்லில் துண்டை விரித்துக் கட்டுச்சோறு சாப்பிடத் தடையில்லை. குப்பையைத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். டிரோன் எடுத்து வராதீர்கள், கோட்டை பக்கத்திலேயே இருப்பதால் இது கட்டுப்பாடு மிகுந்த வான்பகுதி.

நேரக் கணக்கு இப்படி வைக்கலாம்: மடமும் நூலகமும் ஒரு மணி நேரம், கோபுரத்துக்கு நடை அரை மணி, கோபுரம் முக்கால் மணி, ரோஜாத் தோட்டமும் மற்றவையும் முக்கால் மணி, இறக்கம் 40 நிமிடம். மொத்தம் நாலு மணி நேரத்துக்குள். கோடையில் 3 மணிக்குப் பொஹோர்ஷெலெட்ஸில் இறங்கினால் நல்ல வெளிச்சத்தில் கோபுரம் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் 12 மணிக்கே வந்துவிட வேண்டும். நூலகத்தை விட்டுவிட்டு நேரே கோபுரம். பனி பெய்து உறைந்திருக்கும் நாளில் இந்தக் குறிப்பின் முதல் விதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சரிவுப் பாதைகள் கண்ணாடி போலாகிவிடும்; கீழே இறங்காமல் சுவரோரச் சாலையிலேயே திரும்பி நடந்து, பொஹோர்ஷெலெட்ஸில் 22-ஐப் பிடித்து ஊருக்குள் போய்விடுங்கள்.